வீட்டுக் கொட்டகையில் பழைய மோட்டார் சைக்கிள்கள்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் சமயமும் பற்றி அறிஞர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அவர்கள் நின்ற இடத்தில் நின்று, கிரீஸும் மண்ணெண்ணெயும் மணக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்துவிட்டார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடி வாங்கிச் செப்பனிட்டு ஓட்டி வருகின்ற எங்கள் ஓய்வுநேரத் தொழிலைப் பற்றியதே இவ்வுரை. ‘எங்கள்’ என்று கூறுவது பெருமைக்காகச் சொல்லும் பன்மை அன்று. சகோதரர் இருவர், எங்கள் பிள்ளைகள் மூவர், அண்டை வீட்டு நண்பர் ஒருவர் ஆக அறுவர் சேர்ந்து செய்யும் வேலை இது. பேசுவது ஒரு வாயேயாயினும், உழைத்தவை பன்னிரண்டு கைகள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறத்திலிருந்து எழும் ஓசையைக் கேட்டிராதவர் இக்காலனியில் இலர். “இந்தத் தொல்லை எதற்காக?” என்று சிலர் நேரிலேயே வினவியதும் உண்டு. வினா நியாயமானதே. அதற்கு விடை கூறும் வாய்ப்பாகவும் இவ்வுரையை நாங்கள் கருதுகிறோம்.

இவ்வண்டிகள் வந்த வழி

பெட்ரோலால் இயங்கும் இருசக்கர வண்டியை முதன்முதலில் 1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் செய்து காட்டினார். அதன் சட்டம் மரத்தாலானது. அங்குத் தொடங்கிய கலை இங்கிலாந்தில் பெருந்தொழிலாயிற்று. பர்மிங்ஹாம் நகரத்து பி.எஸ்.ஏ. நிறுவனம் இரண்டாவது உலகப்போரின்போது எம்-20 என்னும் 496 சி.சி. வண்டிகளை ஒரு லட்சத்துக்கு மேல் படைகளுக்குச் செய்தளித்தது. நார்ட்டன், மாட்ச்லெஸ் முதலியனவும் அவ்வாறே போர்க்களம் சென்றன. போர் முடிந்தபின் இராணுவ ஏலங்களில் விலைபோன வண்டிகள் நம் நாட்டில் பல ஊர்களிலும் பரவின. பீரங்கி வண்டித் தொழிற்சாலையும் படைக்கலக் கிடங்கும் உள்ள இந்த ஜபல்பூரில் அத்தகைய வண்டிகளின் உடற்கூறுகள் இன்னும் சில பழைய வீட்டுத் திண்ணைகளுக்கடியில் கிடப்பதில் வியப்பில்லை.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனம் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. ‘புல்லட்’ என்னும் பெயர் 1932-இல் வந்தது. நமக்குப் பெருமை தரும் செய்தி பின்னர்தான் வருகிறது. 1955-இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் அவர்களும் கூட்டாகச் சேர்ந்து திருவொற்றியூரில் தொழிற்சாலை கண்டனர். முதலில் சீமையிலிருந்து பாகங்களாக வந்த வண்டி, நாளடைவில் முழுதும் இங்கேயே வார்த்துக் கடைந்து செய்யப்பெற்றது. 1970-வாக்கில் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்தொழிந்தது. பிள்ளையோ திருவொற்றியூரில் வளர்ந்துகொண்டிருந்தது. பெட்ரோல் டாங்கின்மேல் ஓடும் பொற்கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே தீட்டிய தொழிலாளர் அங்கு இருந்தனர். வடநாட்டில் ஒரு புல்லட்டைக் காணுந்தோறும் அது நம் கடற்கரை ஊரொன்றில் பிறந்தது என்று எண்ணிக்கொள்வது, ஊரைவிட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு ஒரு தனி மகிழ்ச்சியன்றோ!

மைசூரில் ஈரானி குடும்பத்தினர் நிறுவிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் செக்கோஸ்லோவாக்கிய நாட்டு ஜாவா வண்டிகள் வெளிவந்தன. 1970-களில் அவற்றின் பெயர் ‘யெஸ்டி’ என மாறிற்று. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் போலந்து நாட்டு அமைப்பைத் தழுவி ‘ராஜ்தூத்’ என்னும் 173 சி.சி. வண்டியைச் செய்தது. வடநாட்டுக் கிராமங்களில் இருபுறமும் பால்கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடிய வண்டி அதுவே.

இவற்றின் காலம் முடிந்த கதை சுருக்கமானது. 1985-இல் ஜப்பானிய அமைப்பிலான 100 சி.சி. நான்கு வீச்சு வண்டிகள் வந்தன. ஒரு லிட்டர் பெட்ரோலில் அவை ஓடிய தூரம் பழைய வண்டிகள் ஓடிய தூரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடப்பெற்றது. புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினும் 2010-வாக்கில் விடைபெற்றது. ஜாவா, யெஸ்டி என்னும் பெயர்களில் வேறொரு நிறுவனத்தார் இப்போது புதிய வண்டிகள் விற்கின்றனர். ஆயினும் எங்கள் பேச்சு பழையவற்றைப் பற்றியதே.

எங்கள் கொட்டகையில் உள்ளவை

எங்களிடம் உள்ளவை நான்கு. முதலாவது, எங்கள் தந்தையார் 1974-இல் வாங்கிய 350 சி.சி. புல்லட். இரண்டாவது, 1966-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜாவா. அதனை நர்மதைக் கரைக் கிராமம் ஒன்றில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் கண்டெடுத்தோம். மூன்றாவது, ஒரு பால்காரர் முப்பது ஆண்டுகள் ஓட்டிய ராஜ்தூத். நான்காவது, பி.எஸ்.ஏ. எம்-20; அதை வண்டி என்று சொல்வதைவிட வண்டியின் எலும்புக்கூடு என்று சொல்வதே பொருந்தும். அதன் மின்பொறியாகிய ‘மேக்டைனோ’ கிடைக்காமையால் ஆறாண்டுகளாகக் காத்திருக்கிறது. ஐந்தாவது வண்டி வாசற்படி ஏறக்கூடாது என்பது எங்கள் இல்லத்தரசியார் இருவரும் கூடிச் செய்த தீர்மானம். அது ஒருமனதாக நிறைவேறியது என்பதைக் கூறவும் வேண்டுமோ!

செப்பனிடும் முறை

இனி வேலையைப் பற்றிச் சற்று விரித்துரைப்போம். இளைஞர்களுக்குப் பயன்படும் என்பதே எங்கள் நோக்கம்.

முதற்பணி ஸ்பானரைத் தொடுவதன்று, காகிதங்களைப் பார்ப்பது. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் வெட்டியுள்ள எண்களோடு எழுத்துக்கெழுத்து ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாத வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் அதனைத் தொடலாகாது. திருட்டு வண்டியைப் பொன்போல் துலக்கினாலும் அது திருட்டு வண்டியே.

அடுத்து, பிரிக்குமுன் எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்த ஒவ்வொரு பாகத்தையும் பழைய பிஸ்கட் டின்களிலும் பால்மாவு டின்களிலும் இட்டு, ‘முன் சக்கரம், இடப்பக்கம்’ என்பதுபோல் சீட்டு கட்ட வேண்டும். பார்சல் ஆபீஸில் பல ஆண்டுகள் லேபிள் கட்டிய எங்களுக்கு இது கைவந்த கலை. சீட்டில்லாத பார்சலும் சீட்டில்லாத நட்டும் தமக்குரிய ஊர் போய்ச் சேர்வதில்லை.

துருப்பிடித்து இறுகிய போல்ட்டே முதல் சோதனை. அதன்மேல் உளியையும் சுத்தியலையும் காட்டுவது அறிவீனம். மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு மூன்று நாள் பொறுத்து, மெல்லத் தட்டி, சற்றே இறுக்கி, பின்னர் தளர்த்த வேண்டும். முதலில் இறுக்குவது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். துருவின் பிடியை உடைப்பதற்கே. உடைந்தபின் அது தானே வழிவிடும்.

ஸ்பானரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜாவாவும் இந்நாளைய வண்டிகளும் மில்லிமீட்டர் அளவில் அமைந்தவை. சீமை வண்டிகளோ ‘விட்வொர்த்’ என்னும் பழைய ஆங்கில அளவைச் சார்ந்தவை. அந்த ஸ்பானரில் பொறித்த எண் போல்ட்டுத் தலையின் அளவைக் குறிப்பதன்று. தண்டின் விட்டத்தைக் குறிப்பது. இதனை அறியாமல் ஏறத்தாழப் பொருந்தும் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் ஆறு மூலைகளும் மழுங்கி, போல்ட்டின் தலை உருண்டையாகிவிடும். சந்தையில் கிடைக்கும் பழைய வண்டிகளின் போல்ட்டுகளைப் பார்த்தாலே, முன்னர் தொட்டவர் பொறுமைசாலியா அவசரக்காரரா என்பது விளங்கும்.

நெடுநாள் நின்ற வண்டியில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியே மண்ணெண்ணெய்க் கலவையை நிரப்பி ஒரு வாரம் விட்டுவைத்தால் பெரும்பாலும் அசைந்துவிடும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் ஏற்றிக் கடைந்து, அளவு கூடிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும். ஜாவா, ராஜ்தூத் போன்ற இரண்டு வீச்சு எஞ்சின்களில் எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே எரிவதால், புகை செல்லும் வழியும் சைலன்சரும் கரி படிந்து அடைபடும். வண்டி இழுக்கவில்லை என்று எஞ்சினைப் பிரிப்பவர் பலர். சைலன்சரின் உட்குழாயை உருவிக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துச் சுரண்டினாலே பாதி நோய் தீரும்.

புல்லட்டுக்கு வால்வு இடைவெளி பார்க்க அளவுகோல் வேண்டா. எஞ்சின் குளிர்ந்திருக்கையில், இரு வால்வுகளும் மூடிய நிலையில் நிறுத்தி, தள்ளுதண்டை இரு விரல்களால் பிடித்துச் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் அசையக்கூடாது. அவ்வளவே. பாயிண்ட் இடைவெளிக்கு மட்டும் அளவுத் தகடு தேவை, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். தீப்பொறி பிறக்கும் இடம் அதுவாதலின், அங்கே ஒரு மயிரிழை பிசகினாலும் வண்டி உதைத்தவர் காலையே திருப்பி உதைக்கும்.

பித்தளைப் பாகங்களை எங்கள் இல்லத்தார் குத்துவிளக்கு துலக்கும் அதே புளியால்தான் துலக்குகிறோம். மாதாந்திர மளிகைக் கணக்கில் புளி கூடிவிட்டதென்று எழுந்த வழக்கு இன்னும் நிலுவையில் உள்ளது.

வண்ணப்பூச்சு பற்றி எங்களுக்கு ஒரு கொள்கை உண்டு. பழைய பூச்சு பாதிக்கு மேல் நிற்குமாயின் அதனைச் சுரண்டுவதில்லை. துடைத்து, மெழுகிட்டு, அப்படியே விட்டுவிடுகிறோம். எங்கள் தந்தையாரின் புல்லட் டாங்கில், அவர் முழங்கால்கள் இருபுறமும் உராய்ந்து பொற்கோடு அழிந்த இடங்கள் உள்ளன. அவற்றின்மேல் புதுப்பூச்சுப் பூச எங்களுக்குக் கை வரவில்லை.

ஒரு ஜாவாவின் வரலாறு

இவ்வேலையின் பயன் யாது என்பதை விளக்க ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். உரியவரின் இசைவு பெற்றே, பெயர் சுட்டாமல் கூறுகிறோம்.

நம் காலனியில் எஞ்சின் டிரைவராக இருந்த பெரியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியது. வீட்டுப் பின்புறம் தார்ப்பாயின்கீழ் ஒரு ஜாவா பத்தாண்டுகளாகக் கிடந்தது. பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரர் வந்து பார்த்து, எடைக்கணக்கில் நாலாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை அப்பெரியவரின் துணைவியார் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் யாவரும் அவரை அக்கா என்றே அழைப்பது வழக்கம்.

“தம்பி, எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாலாயிரம் சரியான விலையா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார்.

“அக்கா, இரும்பு விலைக்கு அது சரி. வண்டி விலைக்குச் சரியன்று” என்றோம்.

“வண்டி ஓடினால்தானே வண்டி விலை?”

அவர் கேட்டது முற்றிலும் சரியான கேள்வி. ஓட வைத்துத் தருகிறோம், உதிரிப்பாகச் செலவை மட்டும் விற்ற பின்னர் கொடுத்தால் போதும் என்று கூறி எங்கள் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். அவருக்கோ மகளின் திருமணம் ஓராண்டுக்குள் நடத்தியாக வேண்டிய நிலை. ஆகவே, இது எங்களுக்கு விளையாட்டு வேலையாக இருக்கவில்லை. எடுத்த வேலை தவறினால் நாலாயிரமும் போயிற்று, எங்கள் சொல்லும் போயிற்று என்னும் அச்சம் எங்களை விரட்டியது.

எட்டு மாதங்கள் பிடித்தன. கிராங்க் பேரிங்குகள் தேய்ந்திருந்தன; கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன; ஒரு சைலன்சரில் எலி கூடு கட்டியிருந்தது. ஜாவாவில் ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்கள் உண்டென்பதால், மற்றொன்று தப்பியது. டில்லி கரோல்பாக் கடைத்தெருவிலிருந்து சில பாகங்கள் வந்தன. சிலவற்றை இங்கேயே லேத்தில் கடைந்துகொண்டோம். ஜாவாவில் கியர் மாற்றும் நெம்பே உதைக்கும் நெம்பும் ஆகும். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் உதைகோலாக மாறிவிடும். அதன் உள் ஸ்பிரிங் ஒன்றுக்காக மட்டும் ஏழு வாரங்கள் காத்திருந்தோம்.

மாசி மாதத்தில் ஒரு காலை, வண்டி உயிர்பெற்றது. ஓசையைக் கேட்டு அக்கா அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்தார். நின்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரங்கழித்து, “நைட் டியூட்டி முடிந்து வரும்போது இந்தச் சத்தம் கேட்டுத்தான் எழுந்து காப்பிக்கு அடுப்பு மூட்டுவேன்” என்றார்.

வண்டியை அவர் வைத்துக்கொள்வார் என்றே எங்களில் சிலர் எதிர்பார்த்தோம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மகளின் திருமணம் முன்னே நின்றது. நாகபுரியிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிச் சென்றார். கொண்டுசெல்லுமுன் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். எங்கள் சகோதரர் ஓட்ட, பின்னிருக்கையில் ஒருபுறமாக அமர்ந்து, காலனியை ஒரு முறை சுற்றி வந்தார். இறங்கியதும் சாவியை எடுத்துத் தம் கையாலேயே மருத்துவரிடம் கொடுத்தார். திருமணமும் குறித்த நாளில் இனிது நடந்தேறியது. பழம்பொருளைக் காப்பது என்றால் எப்போதும் வைத்துக்கொள்வது என்று பொருளன்று. அதன் உண்மை மதிப்பை அதற்குரியவருக்கு மீட்டுக் கொடுப்பதும் காப்பதேயாகும் என்பதை அன்று நாங்கள் அவரிடம் கற்றுக்கொண்டோம்.

ஓட்டும் முறையும் சட்டமும்

செப்பனிட்ட வண்டியை ஓட்டுவதும் ஒரு பயிற்சியே. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். ஜாவாவில் இதற்கு நேர்மாறு. ஒரே காலையில் இரண்டையும் ஓட்டுபவர் கால்களுக்குப் புத்தி தனியாக வேண்டும். ஆதலால், எங்கள் பிள்ளைகளை முதலில் காலனி மைதானத்தில் மட்டுமே பழக்கினோம். ஓட்டுநர் உரிமம் பெற்றபின்னரே சாலைக்கு அனுப்பினோம்.

புல்லட்டை உயிர்ப்பிப்பதற்கு வலிமையைவிட நிதானமே தேவை. சாவியைத் திருப்பி, உதைகோலை மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்மீட்டர் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் நடுவில் வந்து நின்றதும், கைப்பிடியிலுள்ள டிகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்துச் சற்றே தள்ளி, விட்டுவிட்டு, ஒரே உதை. ஒல்லியான நம் வீட்டுப் பெண்பிள்ளையும் இவ்வாறு உதைத்துக் கிளப்ப இயலும். எங்கள் மகள் செய்து காட்டியிருக்கிறாள்.

இவ்வண்டிகளின் டிரம் பிரேக்குகள் இந்நாளைய டிஸ்க் பிரேக்குகளுக்கு ஈடாகா. முன்செல்லும் வண்டி சட்டென நின்றால் நம் வண்டி நிற்காது. எனவே, இடைவெளி விட்டு, மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்படாமல் ஓட்டுவதே எங்கள் வழக்கம். தலைக்கவசம் இன்றி எவரும் ஏறுவதில்லை. விடியற்காலையில் புறப்பட்டு, பேடாகாட்டின் பளிங்குப் பாறைகளையும் அருவியையும் கண்டு, அவலும் காப்பியும் அருந்தி, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவோம்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, மூல வடிவம் மாறாமல் உள்ள வண்டிகளுக்கென 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு தனி விதிகளை வகுத்தது. அவற்றின்படி, ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளோடு கூடிய தனிப் பதிவெண் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால், அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடுவதால், வாங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வதே அறிவுடைமை.

பெட்ரோலிலும் இப்போது ஒரு புதிய சிக்கல். பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இந்நாளில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். டாங்கில் துருவை வளர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் ஊதிப் பிளக்கச் செய்யும். அதற்கேற்ற புதுக் குழாய்களை மாற்றுவதும், மழைக்காலத்தில் வண்டி நிற்கப்போகிறதெனில் டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுவதும் இன்றியமையாதவை. ரயிலில் பார்சலாக அனுப்புவோரும் பெட்ரோலை முற்றும் வடித்தபின்னரே கொண்டுவருமாறு, தொழில்முறையில், இம்மேடையிலிருந்தே வேண்டிக்கொள்கிறோம்.

தடைகளுக்கு விடை

“பணவிரயம்” என்பார் சிலர். எங்கள் செலவுக்கு மாத வரம்பு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்; அதற்கென ஒரு குறிப்பேடு உண்டு; வரம்பு தாண்டினால் அடுத்த மாதம் கொட்டகை பூட்டப்படும். பூட்டின் சாவி எங்களிடம் இல்லை என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

“புகை” என்பார் வேறு சிலர். உண்மை, மறுப்பதற்கில்லை. இரண்டு வீச்சு வண்டி எண்ணெயை எரித்து ஓடுவது. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் ஓடினால் நகரம் தாங்காது. அவற்றின் காலம் முடிந்தது முறையே. மாதம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடும் இரண்டு வண்டிகளை நினைவுச்சின்னமாகக் காப்பது வேறு. அலுவலகத்துக்கு நாங்கள் சைக்கிளில்தான் செல்கிறோம். ஓசை பற்றிய குறைக்கு இணங்க, இனிக் காலை ஏழரை மணிக்கு முன் எஞ்சினை இயக்குவதில்லை என்று உறுதி கூறுகிறோம்.

“பழையதைக் கட்டி அழுவானேன்?” என்பார்க்கு நம் ரயில்வேயே விடை. 1855-இல் செய்த ‘ஃபேரி குயின்’ நீராவி எஞ்சினை 1997-இல் மீண்டும் டில்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓட்டிக் காட்டினார்கள். ரேவாடியில் 1893-இல் கட்டிய நீராவி ஷெட் இன்றும் பழைய எஞ்சின்களுக்குப் புகலிடமாக உள்ளது. அந்த எஞ்சின்கள் இல்லாவிட்டால் ரயில்கள் நின்றுவிடா. ஆயினும் அவற்றை உயிர்ப்பிக்கத் தெரிந்த கைகள் ஒருமுறை அற்றுப்போனால் எந்தப் பணத்தாலும் திரும்ப வாரா.

எங்கள் வேண்டுகோள்

இறுதியாக, எங்கள் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைக் கூறி அமைகிறோம். எங்களுக்கு இக்கலையைக் கற்பித்தவர் ஒரு முதிய மிஸ்திரி. ஊரார் யாவரும் அவரைச் ‘சாச்சா’ என்றழைப்பர். வயது எழுபத்தெட்டு. நீண்ட திருப்புளியின் முனையை ஓடும் எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் தேய்ந்தது என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னதே இருக்கும். கண்ணொளி மங்கி வருகிறது. அவர் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். அவர் அறிந்தவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டாண்டுகளாக அவர் கூறுவதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறோம். இந்தியில் அவர் சொல்ல, தமிழில் எங்கள் மகள் எழுதுகிறாள். இதுவரை நூற்றுப் பதினான்கு பக்கங்கள் நிறைந்துள்ளன. ஆயினும் செவியால் அறிவதைத் தாளில் எழுதிவிட முடியுமோ? கேட்டுப் பழகிய வேறொரு செவியே அதனை ஏற்க வல்லது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டு. முதலாவது: உங்கள் வீட்டுப் பின்புறத்திலோ, ஊரில் பாட்டனார் வீட்டுத் தாழ்வாரத்திலோ பழைய வண்டி கிடக்குமாயின், கபாடிக்காரருக்கு எடைபோடுமுன் எங்களிடம் ஒரு சொல் சொல்லுங்கள். விற்காதீர்கள் என்று சொல்லமாட்டோம். மதிப்பறிந்து விற்க உதவுவோம். பதிவுப் புத்தகத்தை மட்டும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். இரண்டாவது: ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குச் சாச்சா எங்கள் கொட்டகைக்கு வருகிறார். ஆணாயினும் பெண்ணாயினும், கற்க விரும்பும் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். கட்டணம் ஏதுமில்லை. பழைய சட்டை அணிந்து வந்தால் போதும். திரும்பி வரும்போது கை கறுத்திருக்கும்; அதற்கு மட்டும் தாய்மார்கள் எங்களைப் பொறுத்தருள வேண்டும்.

பி.எஸ்.ஏ. வண்டிக்குரிய மேக்டைனோ எவரிடமேனும் இருப்பின், விழா முடிந்தபின் தெரிவிக்கலாம்.